அறுந்த இடமும் பழுதான இடமும்

நமது கடைத்தெருக்களில் "திருத்துமிடம்" என்று எழுதிய பலகைகளைக் காணலாம். மணிக்கூடு திருத்துமிடம், சைக்கிள் திருத்துமிடம், குடை திருத்துமிடம் என்று அவை பலவகை. அதே வினைச்சொல்லையே ஆசிரியர் விடைத்தாளுக்கும், எழுத்தாளர் தமது கையெழுத்துப் பிரதிக்கும், தந்தை மகனுக்கும், மிம்பரில் நிற்கும் கதீப் சமூகத்துக்கும் பயன்படுத்துகிறார். பொருளையும் பிரதியையும் மனிதனையும் நாம் ஒரே சொல்லால் திருத்துகிறோம். அரபு மொழியிலும் இதே நிலைதான். "இஸ்லாஹ்" என்பது உடைந்ததைச் சீராக்குவதைக் குறிக்கும். பிணங்கிய இருவரை இணக்குவதையும் குறிக்கும். சமூகச் சீர்திருத்தத்தையும் குறிக்கும். நாம் நாளும் பேசும் "ஸாலிஹான அமல்" என்பதும் அதே வேரிலிருந்து பிறந்ததே. இஸ்லாஹின் எதிர்ச்சொல் "பஸாத்". கெட்டுப்போதல், குழப்பம், சீர்குலைவு ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

தமிழில் இன்னொரு வழக்கும் உண்டு: பழுது பார்த்தல். இங்கே "பார்த்தல்" என்பது "செய்தல்" என்ற பொருளில் வந்துள்ளது, வைத்தியம் பார்த்தல், வேலை பார்த்தல் என்பன போல, என்று இலக்கணம் கற்றோர் சொல்லக்கூடும். அது சரியே. எனினும் இந்தச் சொல்லைப் பழக்கிவிட்ட நம் முன்னோர், கையை வைக்குமுன் கண்ணை வைக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. திருத்துதல் ஒரு காரியத்தின் முடிவைச் சொல்கிறது. பழுது பார்த்தல் அதன் தொடக்கத்தைச் சொல்கிறது.

ஒரு பொருள் பழுதடைந்தால் நாம் அதற்குச் செய்யவேண்டிய கடமை ஏதும் உண்டா? உண்டெனில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கடமையென்றால் மனிதருக்கும் இறைவனுக்கும் மட்டுமே என்று சொல்லி இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிடலாம். ஆனால் பொருள் எதுவும் தனியாக நிற்பதில்லை. அதைச் செய்தவர், கொடுத்தவர், பயன்படுத்துபவர் என்று மனிதர்கள் அதைச் சூழ நிற்கிறார்கள். இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு பழைய புல்வெட்டும் இயந்திரம்தான் இந்த வினாவை என்முன் வைத்தது.

அந்த இயந்திரம் பல வருடங்களுக்கு முன்னர் ஒருவர் தம் மர்ஹூமான தந்தையின் பெயரால் வாங்கிக் கொடுத்தது. பள்ளி முற்றத்திலும் மையவாடியின் நடைபாதைகளிலும் புல் வெட்ட அது பயன்பட்டு வந்தது. கப்றுகளின் மேலுள்ள புல்லை இன்றும் அரிவாளால்தான் அறுக்கிறார்கள். அங்கே இயந்திரம் போவதில்லை. ஒருநாள் அதனை இயக்குவதற்காக இழுக்கும் கயிறு அறுந்துவிட்டது. பிடி கையோடு வந்துவிட, மிச்சக் கயிறு உள்ளே சுருண்டுகொண்டது.

விடயம் நிர்வாக சபைக்கு வந்தபோது மூன்று கருத்துகள் எழுந்தன. பழையதைக் கழித்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவோம், காலம் மாறிவிட்டது என்றார் ஒருவர். இது வக்பு; தூக்கியெறிவது பாவம் என்றார் இன்னொருவர். ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் முடிந்தது, இதற்கெதற்கு இத்தனை பேச்சு என்றார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனால் ஒரு விடயத்தில் மூவரும் ஒன்றுபட்டிருந்தார்கள்: இயந்திரத்தை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

கயிற்றை இழுத்து இயக்கும் அந்த ஸ்டார்ட்டரின் அமைப்பு மிக எளிமையானது. இயந்திரத்தின் தலையில் ஒரு மூடி. மூடிக்குள் ஒரு கப்பி. கப்பியைச் சுற்றிக் கயிறு. கப்பிக்கு அடியில் மணிக்கூட்டு வில்லைப் போன்று தட்டையான எஃகுச் சுருள்வில். கயிற்றை இழுத்தால் கப்பி சுழலும். அதிலுள்ள சிறு கொக்கிகள் வெளியே நீண்டு இயந்திரத்தின் சுழலும் பகுதியைப் பற்றிக்கொள்ளும். இயந்திரம் சில சுற்றுகள் சுழலும். அதற்குள் தீப்பொறி பிறந்து எரிபொருள் பற்றிக்கொண்டால் அது தானே ஓடத் தொடங்கும். அக்கணமே கொக்கிகள் உள்ளே ஒதுங்கிவிடும். கையை நாம் பின்னோக்கி விட, சுருள்வில் கயிற்றை மறுபடி உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். சுருள்வில் இயந்திரத்தை இயக்குவதில்லை. அதனைச் சுழற்றுவது மனிதனுடைய கை. வில்லின் வேலை திருப்பி எடுத்துக்கொள்வது மட்டுமே. பழைய இயந்திரங்களில் வில்லே கிடையாது. வெளியே தெரியும் கப்பியில் கயிற்றை ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றி இழுக்கவேண்டும். இழுத்ததும் கயிறு கையோடு வந்துவிடும். ஒரு தடவை தவறினால் மீண்டும் முதலிலிருந்து சுற்றவேண்டும் என்பதால், இழுப்பவன் இழுப்பதற்கு முன் சற்றே யோசித்திருப்பான். வில் வந்தபின் யோசிக்காமல் அடுத்தடுத்து இழுக்க முடிந்தது. வசதி எப்போதும் இப்படி ஒரு சிறு விலையையும் வாங்கிக்கொள்கிறது.

இயந்திரத்தைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னிடம் வந்தது. புல் வெட்டும் வேலையைச் செய்யும் இளைஞனும் கூட வந்தான். கடையில் இருந்தவர் வயதானவர். ஊரில் எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். அறுந்த நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"கயிறு அறுந்தது வெளங்குது. என்னத்துக்கு அறுந்த?"

"பழசாகித்தான் அறுந்திருக்கும் நானா," என்றேன்.

"பழசானா மட்டும் இப்பிடி அறுகிறல்ல தம்பி." இளைஞனைப் பார்த்துத் திரும்பினார். "இத ஸ்டார்ட் பண்ண எத்தின தரம் இழுக்கிற?"

"இருவது, முப்பது தரம் இழுக்கோணும்."

"நல்ல மெஷினுக்கு ரெண்டு மூணு தரம் போதும். அப்ப குத்தம் கயித்துல இல்ல."

அவர் முதலில் செய்தது, ப்ளக்கிலிருந்து வயரைக் கழற்றி அப்பால் வைத்ததுதான். வெட்டும் அலகு இயந்திரத்தின் அச்சோடு நேரே இணைந்திருக்கிறது. தற்செயலாகப் பொறி பிறந்து அது சுழன்றுவிட்டால் விரல் மிஞ்சாது. பிறகு ப்ளக்கைக் கழற்றினார். அது கரிபிடித்துக் கறுத்திருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தார். புல் தூசியும் மண்ணும் சேர்ந்து அது ஒரு கட்டியாகியிருந்தது. இயந்திரத்துக்குப் போதிய காற்றுக் கிடைக்கவில்லை. பெற்றோல் மிஞ்சி ப்ளக் கரிபிடித்தது. கரிபிடித்ததால் பொறி சரியாகப் பிறக்கவில்லை. பொறி பிறக்காததால் இயந்திரம் இயங்கவில்லை. இயங்காததால் ஒருவன் முப்பது தடவை இழுத்தான். முப்பது தடவை இழுத்ததால் கயிறு தேய்ந்தது. போதாக்குறைக்குக் கயிறு வெளியே வரும் துவாரத்தின் உலோக வளையம் ஒருபக்கம் தேய்ந்து கூர்மையாகியிருந்தது. இனி எத்தனை புதிய கயிறு போட்டாலும் அந்த விளிம்பு அதனை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

அறுந்தது ஓரிடத்தில். பழுது இருந்தது வேறு இரண்டு இடங்களில். இந்த வேறுபாட்டை அறிவதே திருத்துபவனின் அறிவு என்று நான் கருதுகிறேன்.

எஞ்சிய வேலையை அவர் செய்த விதமும் சொல்லத்தக்கது. சுருள்வில் இறுகியிருக்கும்போது கப்பியைக் கழற்றினால் அது பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடும். ஆகவே முதலில் அதன் இறுக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்தினார். வளையத்தின் கூர்விளிம்பைச் சிறு அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்தார். பழைய கயிற்றின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து அளந்து, அதே தடிப்பும் அதே நீளமும் கொண்ட நைலோன் கயிற்றை வெட்டினார். தடிப்பான கயிறு பலமாக இருக்குமே என்று நான் கேட்டேன். தடிப்பானால் கப்பியில் அடங்காது, சிக்கிக்கொள்ளும் என்றார். வெட்டிய நுனிகளை லைட்டர் சுவாலையில் உருக்கினார். கப்பியை மூன்று நான்கு சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் துவாரங்களின் வழியே கோத்து முடிச்சிட்டு, மெதுவாக உள்ளே போகவிட்டார். கடைசியில் கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்து நிறுத்தி, கப்பி இன்னும் சற்றே சுழல இடமிருக்கிறதா என்று பார்த்தார். அந்த இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் வில்லின் எல்லையில் போய் முட்டும். வில் விரைவில் உடைந்துவிடும். முறுக்குக் குறைந்தால் கயிறு உள்ளே போகாமல் தொங்கும். கூடினால் வில் முறியும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது.

"வில்லையும் மாத்துவோமா?" என்று கேட்டேன்.

"வில்லு நல்லமா ஈக்கி. என்னத்துக்கு மாத்திற?"

கயிற்றுக்கும் ப்ளக்குக்கும் கூலிக்கும் மட்டும் காசு வாங்கினார். கழற்றிய பழைய ப்ளக்கைக் கையில் தந்தார். வில்லை மாற்றியதாகச் சொல்லிக் காசு கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மூடியை மூடியபின் உள்ளே நடந்தது அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும். அமானிதம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பணத்தோடும் பதவியோடும் சேர்த்தே பேசுகிறோம். அதன் மெய்யான சோதனைக்களம் இப்படிப்பட்ட மூடிகளின் உட்புறம் என்றே எனக்குப் படுகிறது.

ஜேர்மனியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியான தமது பெருநூலில் கருவிகளைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். கருவி ஒழுங்காக வேலை செய்யும்வரை அது நம் கண்ணில் படுவதில்லை. சுத்தியலால் அடிப்பவன் ஆணியைப் பார்க்கிறான், சுத்தியலைப் பார்ப்பதில்லை. அது உடையும்போதுதான் ஒரு பொருளாக நம்முன் வந்து நிற்கிறது. இதன்படி பார்த்தால், பழுதடைதல் என்பது ஒரு நட்டம் மட்டுமன்று. அறிவுக்கான ஓர் அழைப்புமாகும். அந்த அழைப்பை இரண்டு விதமாக மறுக்கலாம். ஒன்று, பொருளைத் தூக்கியெறிவது. மற்றது, உள்ளே என்னவென்று பாராமல் இன்னும் பலமாக இழுப்பது. முன்னதை ஊதாரித்தனம் என்றும் பின்னதை விடாமுயற்சி என்றும் நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பார்க்க மனமின்மை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். திருத்திப் பயன்படுத்துவதை ஓர் அறமாகப் போற்றுவது வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு; ஏழைக்கு அது வேறு வழியில்லாத நிலை. இந்த மறுப்பில் நியாயமுண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது நாடு முழுவதும் பழையதைத் தட்டிக்கொட்டித்தான் பிழைத்தது. அந்தக் கெட்டித்தனத்தை வியக்கலாம்; அந்த நிலைமையை வாழ்த்த முடியாது. நிர்ப்பந்தத்தால் செய்ததை நற்குணம் என்று பட்டம் சூட்டுவது, பசித்தவனை நோன்பாளி என்று புகழ்வதற்கு ஒப்பானது.

எனவே திருத்துவது எப்போதும் நல்லது என்று நான் வாதிடவில்லை. அலகைச் சூழ்ந்துள்ள காவல் தகடு துருப்பிடித்து உதிர்ந்த இயந்திரத்தைக் கயிறு மாற்றி ஓடவிடுவது, இயக்குபவனின் காலோடு விளையாடுவதாகும். தீங்கு செய்தலும் இல்லை, தீங்குக்குள்ளாதலும் இல்லை என்ற மார்க்க விதி அவ்விடத்தில் முந்திக்கொள்ளும். ஸூறா அல்-கஹ்பில் வரும் வரலாறும் நினைக்கத்தக்கது. ஹிழ்ர் (அலை) என நாம் அறியும் அந்த நல்லடியார் ஏழைகளின் படகைப் பழுதாக்குகிறார். விருந்தளிக்க மறுத்த ஊரில், விழவிருந்த சுவரைக் கூலியின்றி நிமிர்த்தி வைக்கிறார். இரண்டையும் கண்டு மூஸா (அலை) வினா எழுப்புகிறார். அரசனின் பறிப்பிலிருந்து காப்பாற்றவே படகு ஊனமாக்கப்பட்டது. அநாதைச் சிறுவர் இருவரின் புதையல் அடியில் இருந்ததால் சுவர் நிமிர்த்தப்பட்டது. பழுதாக்குவது தீமை, திருத்துவது நன்மை என்ற எளிய கணக்கை இவ்வரலாறு கலைத்துவிடுகிறது. யாருக்காக, எதைக் கண்டு செய்தார் என்பதே கணக்கு. அவர் கண்டதை மூஸா (அலை) காணவில்லை என்பதில்தான் அந்த வரலாறு முழுவதும் தங்கியிருக்கிறது.

அப்படியானால் கைவிடுவதற்கு எல்லை எது? நமது ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் இதனைப் பேசாமல் விடவில்லை. ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல், வபாத்தான இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில் பள்ளிவாசலின் பாய்களையும் மரங்களையும் பற்றி ஒரு தீர்ப்பைத் தருகிறார். வக்பு செய்யப்பட்ட பாய் நைந்து போனாலும், உத்திரம் முறிந்து போனாலும், எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அவை அடைந்தால் விற்றுவிடலாம் என்பதே மிகச் சரியான கருத்து என்பது அதன் சாரம். வக்புச் சொத்தை விற்பதில் மிகக் கண்டிப்பான மத்ஹப் இது. அதுவும் கூட, ஒரு கட்டத்தில் கைவிட அனுமதிக்கிறது. ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள். பழையதாகிவிட்டதா என்று அது கேட்கவில்லை. புதியதில் வசதி கூடுதலா என்றும் கேட்கவில்லை. இனி எதற்கும் உதவாதா என்று கேட்கிறது. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் பாயை விரித்துப் பார்த்தாகவேண்டும். உத்திரத்தைத் தட்டிப் பார்த்தாகவேண்டும். பாராமல் விடை சொல்ல இயலாத வகையில் சட்டமே அமைந்திருக்கிறது.

எங்கள் இயந்திரம் வக்பா, அல்லது பள்ளிக்குக் கொடுத்த வெறும் அன்பளிப்பா என்ற வினாவும் உண்டு. பள்ளிக்கு உடைமையாகக் கொடுக்கப்பட்டதாயின் பள்ளியின் நலன் கருதி விற்பதற்கு இடமிருக்கிறது. இதை மவ்லவிமார் தீர்த்து வைக்கட்டும். என்னைத் தொட்டது வேறொன்று. கொடுத்தவர் அதனை ஸதகதுல் ஜாரியா என்ற நிய்யத்தோடு கொடுத்தார். மனிதன் மரணித்தபின்னும் அறாமல் தொடரும் மூன்றில் ஒன்று அது என்பது நபிமொழி. கயிறு அறுந்த நாளில் அந்தத் தந்தைக்குச் சேர்ந்துகொண்டிருந்த நன்மையும் அறுந்துவிட்டதா? கயிறு, ப்ளக், நாளைக்கு அலகு, மறுநாள் வில் என்று ஒவ்வொன்றாகப் பள்ளிப் பணத்தில் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் ஓடுவது எவருடைய இயந்திரம்?

கிரேக்கர்களும் இதே புதிரைக் கேட்டார்கள். தீஸியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்தார்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அது அதே கப்பலா அல்லவா என்பது தத்துவவாதிகளின் வாதப் பொருளானது என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் பொருளின் அடையாளத்தைப் பற்றிக் கேட்டார்கள். வக்பின் பார்வை வேறானது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரழி) ஆலோசனை கேட்டபோது நபி (ஸல்) காட்டிய வழி, மூலத்தை நிறுத்தி வைத்துப் பயனை ஓடவிடுவதாகும். நிலத்துக்கு அது எளிது, நிலம் தேய்வதில்லை. தேயும் பொருளில் மூலத்தை நிறுத்தி வைக்க ஒரே வழிதான் உண்டு: தொடர்ந்து பழுது பார்ப்பது. தேய்மானத்துக்கு எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்காவிட்டால் பொருள் வடிவிலான எந்தத் தர்மமும் நீடிக்காது. அந்த நன்மையில் எவருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது நமது வேலையன்று. ஆனால் தந்தையின் தர்மத்தை இன்றுவரை நடக்கவிட்டவர்களில், அதனைக் கொடுத்த மகனோடு, கறுத்த ப்ளக்கைக் கழற்றிய அந்த நானாவும் ஒருவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் உழைப்பும் சம்பாத்தியமும் பற்றிப் பேசுமிடத்து, தொழில் செய்பவன் தன் தொழிலால் ஒரு பர்ளு கிபாயாவை நிறைவேற்றுவதாக நிய்யத் வைக்கவேண்டும் என்கிறார். தொழில்கள் கைவிடப்பட்டால் மக்களின் வாழ்க்கை நிலைகுலைந்துவிடும் என்பது அவர் கூறும் காரணம். நபி (ஸல்) தமது காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அறிவித்திருப்பதை நாம் பணிவுக்கு உதாரணமாக அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அது பணிவு மட்டும்தானா? செருப்பின் வார் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு நபி உட்கார்ந்து பார்த்த அந்தச் சில நிமிடங்களுக்கும் நமது மார்க்கத்தில் இடமுண்டு என்பதல்லவா அதன் பொருள்?

உலகம் இப்போது இந்தப் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து சில பொருள்களுக்கு, அவற்றை எவ்வளவு எளிதில் திருத்தலாம் என்பதைக் காட்டப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு விற்கவேண்டுமெனச் சட்டம் கொண்டுவந்தது. கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றோடு அந்த முதற்பட்டியலில் மின்சாரப் புல்வெட்டியும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திப் பெறும் உரிமைக்கெனவே ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட பொருள்கள் பெருகியதன் எதிர்விளைவு இது. வரவேற்கவேண்டியதுதான். ஆயினும் சட்டம் மூடியைத் திறக்கும் உரிமையைத் தரலாம். திறந்து பார்க்கும் பொறுமையைத் தர முடியாது. அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள நானாவின் கடையில் இப்போது ஒரு பையனும் இல்லை.

இனி நான் தொடங்கிய சொல்லுக்கு வருகிறேன். நாம் மனிதரையும் திருத்துகிறோம். இளைஞர் கெட்டுப்போகிறார்கள், குடும்பங்கள் பிரிகின்றன, வாசிப்பு அருகிவிட்டது என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்த முழக்கங்களை உற்றுக் கேட்டால் அவற்றில் பெரும்பாலானவை கயிற்றைப் பலமாக இழுப்பவையே. மாணவன் பாடசாலைக்கு வராவிட்டால் தண்டிக்கிறோம். வீட்டில் அவன் யாருக்காக உழைக்கிறான் என்று பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும் பிரிந்தால் பிரிந்த அன்று நடந்த சண்டையை விசாரிக்கிறோம். அறுந்த இடம் அது. பழுது சில வேளை ஐந்து வருடங்களுக்கு முன்னர், காற்றுப் போகாத ஏதோ ஒரு மூலையில் தொடங்கியிருக்கும்.

அல்-குர்ஆனின் ஸூறா அன்-நிஸா, கணவன் மனைவிக்கிடையே பிளவு ஏற்படுமென அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக வரட்டும் என்கிறது. அவர்கள் நாடவேண்டியதைக் குறிக்க இஸ்லாஹ் என்ற சொல்லே அங்கு வருகிறது. இரு பக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும் என்பதில் ஓர் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு மூடியின் மேற்புறம்தான் தெரியும். உள்ளே எந்த வில் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அந்தந்த வீட்டோடு பழகியவர்தான் அறிவார்.

மனிதன் இயந்திரமல்லன் என்பதை நான் மறந்துவிடவில்லை. இயந்திரத்தை எவரும் திறக்கலாம். மனிதன் தானே மனமுவந்தாலன்றித் திறப்பதில்லை. இயந்திரத்தைத் திருத்துபவனுக்கு அதனால் அவமானம் ஏற்படாது. மனிதனைப் பலர் முன்னிலையில் திருத்த முற்படுபவன் அவனை அவமானப்படுத்துகிறான். நஸீஹத்தைத் தனிமையில் செய்யுமாறு நம் ஸாலிஹீன்கள் வலியுறுத்தியது இதனால்தான். இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஓர் எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. இறுகிய வில்லை அவசரத்தில் திறப்பவன் மீது அது பாயும். அப்போது வில்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

இயந்திரம் பள்ளிக்குத் திரும்பி வந்தபின், வடிகட்டியைச் சுத்தம் செய்யவேண்டிய நாளையும் கயிறு மாற்றிய திகதியையும் எழுதி வைக்க ஒரு சிறு கொப்பி போடப்பட்டது. அடுத்த தடவை வில் உடையலாம். அந்த வகை வில் அப்போது சந்தையில் கிடைக்காமலும் போகலாம். அன்றைக்கு நிர்வாக சபை மீண்டும் கூடும். புதியது வாங்குவோம் என்ற குரல் மறுபடி எழும். அக்குரலே சரியானதாகவும் இருக்கலாம். எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்று ஆகிவிட்டால் கைவிடுவதில் குற்றமில்லை. அந்த முடிவுக்கு வருமுன் யாராவது ஒருவர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்திருக்க வேண்டும். இறந்துபோன அந்தத் தந்தைக்கும், கொடுத்த மகனுக்கும், நாளும் கயிற்றை இழுக்கும் அந்த இளைஞனுக்கும் நாம் கொடுக்கவேண்டிய கடன் அவ்வளவே. அது அதிகமில்லை. ஆனால் அதைக் கொடுக்காமல் எடுக்கும் எந்த முடிவும், சரியான முடிவாகவே இருந்தாலும், நியாயமான முடிவாகாது.